மூடினால் வெந்நீர், திறந்தால் ஆவி

கோடையில் நீச்சல் குளத்துக்காரர் பொழுது விடிந்ததும் பார்ப்பது நீர்மட்டத்தைத்தான். நேற்று டைல் கோட்டில் நின்ற தண்ணீர் இன்று சுண்டுவிரல் நகமளவு கீழே. முதல் சந்தேகம் குழாய் மேல், அடுத்தது அதைப் பதித்தவர் மேல், பிறகு குதித்து ஆடும் பிள்ளைகள் மேல். உச்சியில் நிற்கும் வெயிலையும் அடிக்கிற காற்றையும் யாரும் விசாரிப்பதில்லை.

விசாரணைக்கு ஒரு பக்கெட் போதும். குளத்துத் தண்ணீரையே நிரப்பி, மிதக்காமலிருக்க ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் படியில் வையுங்கள். பக்கெட்டின் உள்மட்டத்துக்கு ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. தானாக நிரப்பும் வால்வை மூடிவிட்டு 24 மணி நேரம் யாரையும் இறங்கவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. வெளிக்கோடு மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு; குழாய் பதித்தவரை அப்போது கூப்பிடலாம்.

ஆவிதான் என்று தெரிந்ததும், தண்ணீர் மேல் விரித்து மூடும் நீலக் குமிழி ஷீட் வந்து இறங்கும். நாலு நாளில் மட்டம் அசையவில்லை, வீட்டில் ஒரே பெருமை. ஐந்தாம் நாள் மாலை முதலில் குதிப்பவர் குதித்த வேகத்தைவிட வேகமாக வெளியே வருவார். தண்ணீர் அல்ல, வெந்நீர்!

கணக்கு இதுதான். 8க்கு 4 மீட்டர் குளத்தில் நாளுக்கு 6 மி.மீ. போனால் 192 லிட்டர். அது போகும்போது சுமார் 130 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. குமிழி ஷீட் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஆனால் ஒளி ஊடுருவும் என்பதால் வெயிலை உள்ளே விடுகிறது. குளிர்நாட்டுக்கு வரம், நமக்கு அடுப்பு.

ஆகவே வெப்பமான ஊரில் பகலுக்கு ஒளி புகாத உறைதான். மேல்பக்கம் வெள்ளை அல்லது வெள்ளி நிறம். அப்படியும் சூடு ஏறினால் இரவில் சில மணி நேரம் உறையைத் திறந்து, அருவியோ நீரூற்றோ இருந்தால் ஓடவிடுங்கள். அதே அருவியைப் பகலில் ஓட்டுவது வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல. முன்பு சொன்ன 8க்கு 4 மீட்டர் குளம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால், ஆவியால் மட்டும் 1 டிகிரி ஆற, ஏறக்குறைய 80 லிட்டர் செலவாகும். குளிர்ச்சி இலவசமில்லை. புழுக்கமான இரவில் ஆவியும் அவ்வளவாக எழாது, சூடும் இறங்காது.

உறை போடச் சோம்பலா? மேலே நிழல்வலை கட்டலாம். காற்று வரும் பக்கம் வேலியோ செடிவரிசையோ வைக்கலாம். காற்றைத் தடுத்தாலே ஆவி கணிசமாகக் குறையும். மேற்பரப்பில் படலமாகப் பரவும் திரவ உறையும் உண்டு. அது தண்ணீர் அசையாமல் இருக்கும்வரை நல்ல பிள்ளை. காற்றடித்தால் ஓரமாய் ஒதுங்கிவிடும். திட உறையளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

குளோரினை அதிக அளவில் போட்ட அன்று உறையை மூடாதீர்கள். வெளியேற வழியில்லாமல் அது உறையையே அரிக்கும். எந்த உறையானாலும் பிள்ளைகளைத் தாங்கும் பாதுகாப்பு உறை என்று தனியாகச் சொல்லப்படாவிட்டால், அதன் மேல் கால் வைக்கவே கூடாது.

இன்னொன்று: உறையைச் சுருட்டும் உருளை வாங்காமல் உறையை மட்டும் வாங்கினால், மூன்றாம் வாரம் அது மூலையில் கிடக்கும். குமிழி ஷீட்டானால், சுருட்டி வெயிலில் போட்ட இடத்திலேயே வெந்து குமிழிகள் உதிரும். மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தவில்லையென்றால், அடுத்த மாதம், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் நீலநிறத் துணுக்குகளைத்தான் அள்ள வேண்டியிருக்கும்.