எந்த விரல் மரத்துப் போகிறது? சர்க்கரை உள்ளவர்களின் கை பற்றி ஒரு நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

"சுகர் இருக்கு, கை மதமதன்னு இருக்கு" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், "சுகர்னால நரம்பு வீக்" என்று பதில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அங்கேயே பரிசோதனையும் நின்றுவிடுகிறது. இது மாற வேண்டும்.

சர்க்கரையால் நரம்பு கெடும்போது நீளமான நரம்பின் நுனிதான் முதலில் கெடும். உடம்பில் மிக நீளமானவை கால்விரலுக்குப் போகும் நரம்புகள். அதனால் மதமதப்பு கால்விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மெல்ல ஏறும். முழங்காலை நெருங்கும் காலத்தில்தான் கைவிரல் நுனிகளுக்கு வரும். வந்தால் இரண்டு கையிலும் ஒன்றுபோல, கையுறை மாட்டிய மாதிரி இருக்கும்.

காலில் ஒரு குறையும் இல்லை, ஒரு கையில் மட்டும், அதிலும் சில விரல்கள் மட்டும் மரக்கின்றன என்றால் நரம்பு வேறெங்கோ நசுங்குகிறது. எங்கே என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் வைத்தியம் உண்டு.

ஒரு வெள்ளைத்தாளில் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். உள்ளங்கைக்கு ஒன்று, புறங்கைக்கு ஒன்று. மரக்கிற இடத்தைக் கோடு போட்டு நிரப்புங்கள், வலிக்கிற இடத்தில் புள்ளி வையுங்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்தபோது என்று ஓரத்தில் எழுதுங்கள். மூன்று நாள் போதும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள்.

5 மார்ச், புதன்

வருகிற தாள்களில் அதிகம் பார்ப்பது இது: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நிரம்பியிருக்கும், சுண்டுவிரல் வெறுமையாக இருக்கும். நடுராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் குடைச்சலில் விழிப்பு வரும், கையை உதறினால் தணியும். இது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, கார்ப்பல் டனல்.

மணிக்கட்டு எலும்புகள் தரை, மேலே ஒரு நார்ப்பட்டை கூரை. அந்தக் குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. பல வருடச் சர்க்கரையில் தசைநாண்களின் உறை தடிக்கும். நரம்பும் ஏற்கெனவே நலிந்திருக்கும். மற்றவர்கள் தாங்குகிற அழுத்தத்தை அது தாங்காது. தையல் மெஷின், பூக்கட்டுதல், பீடி சுற்றுதல், நாள் முழுக்க போனைப் பிடித்திருப்பது எல்லாம் இதைக் கூட்டும். தைராய்டு குறைவும் இதையே செய்யும், அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்ப்பது நல்லது.

மோதிர விரலைத் தனியாகப் பாருங்கள். பஞ்சைத் திரித்து அதன் இரு ஓரமும் தடவுங்கள். நடுவிரல் பக்கம் மரத்து, சுண்டுவிரல் பக்கம் உணர்வு சரியாக இருந்தால் கோளாறு, கை நரம்புகள் புறப்படும் கழுத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கழுத்து நரம்பு ஒரு விரலை இப்படி இரண்டாகப் பிரித்து மரக்க வைக்காது.

வீட்டிலேயே இன்னொன்றும் செய்யலாம். இரண்டு புறங்கையையும் ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி மணிக்கட்டை மடக்கி 60 நொடி வையுங்கள். அதே விரல்களில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

8 மார்ச், சனி

ராத்திரி மாட்டும் மணிக்கட்டுப் பட்டை பற்றி. மருந்துக்கடையில் வாங்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளங்கைப் பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கும், அது மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படியே மாட்டினால் மணிக்கட்டு பின்னால் சாய்ந்து உள்ளே அழுத்தம் ஏறும். "பட்டை போட்டும் கேக்கல" என்பவர்களிடம் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தகட்டை உருவி, மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி, கிட்டத்தட்ட நேராக்கி மறுபடி செருகுங்கள். விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற தளர்வு வேண்டும். காலையில் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், மரத்த கை சொல்லாது. ஆறு வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும்.

கட்டைவிரலின் அடிச்சதை மறு கையைவிடத் தட்டையாகிவிட்டதா, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா? அப்படியானால் பட்டையோடு காத்திருக்காமல் கை அறுவை நிபுணரைப் பாருங்கள். கரைந்த சதை முழுதாகத் திரும்புவது கடினம்.

11 மார்ச், செவ்வாய்

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் முழங்கையைப் பாருங்கள். முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அந்த நரம்புதான். கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, மேஜையில் முழங்கை ஊன்றுவது, போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுவது காரணம். ராத்திரி ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினால் கை மடங்காது.

கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கைக்கு மின்னல் மாதிரி வலி இறங்கி, கையைத் தலைமேல் வைத்தால் குறைகிறது என்றால் நரம்பு நசுங்குவது கழுத்தில்.

12 மார்ச், புதன்

வரிசைப்படி இது பிறகு வரவேண்டியது, ஆனால் தள்ளிப்போட முடியாது. திடீரென்று கைவலியோடு வியர்வை, மூச்சு வாங்கல், தாடை அல்லது முதுகு வலி வந்தால் அது இதயமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீரென்று ஒரு கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். இரண்டுக்கும் 108. பைக்கில் போகாதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலத் தோன்றும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

17 மார்ச், திங்கள்

மதமதப்பே இல்லை, மேல்கையில் வலி, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை: தோள் இறுகியிருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். நீங்கள் திருப்பினாலும் திரும்பவில்லை, இன்னொருவர் மெல்லத் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால் மூட்டின் உறையே சுருங்கிவிட்டது.

வலி கடுமையான முதல் மாதங்களில் ஆள் வைத்து இழுத்துவிடுவது கெடுதல். குனிந்து, நல்ல கையை மேஜையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 10, நாளைக்கு மூன்று வேளை. தோளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை ஏறும். இன்சுலின் போடுகிறவர்கள் அளவை ஊசிக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

கூடவே ஒரு கும்பிடு போட்டுப் பாருங்கள். உள்ளங்கைகள் ஒட்டாமல் விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், சர்க்கரை தோலையும் நாண்களையும் இறுக்கியிருக்கிறது. இது வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இப்படி இருப்பவர்கள் கண், சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

20 மார்ச், வியாழன்

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுத்தால், நரம்புக்குத் தேவையான பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவது குறையும். கல்லீரலில் இருப்பு உண்டென்பதால் குறை வெளியே தெரிய வருடங்கள் ஆகும். சைவ உணவுக்காரர்கள், வயிற்று எரிச்சல் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய நன்மை. அப்படி வாங்குகிறவர்கள் அடுத்த முறை பி12 பரிசோதனையையும் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 300 வரை சந்தேகம்தான். சத்து மாத்திரையைத் தொடங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

'நரம்புச் சத்து' மாத்திரை அட்டையில் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) எவ்வளவு என்று படியுங்கள். அது அளவு மீறி நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

24 மார்ச், திங்கள்

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்பு ஓட்டப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் நரம்பின் வேகம் குறைவாகப் பதிவாகும், இல்லாத கோளாறு தெரியும். கையின் தோல் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். கூப்பிடுவதற்கு முன் கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்குங்கள், வெந்நீர் வேண்டாம். "கை சில்லுன்னு இருக்கு" என்று தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். எண்ணெயோ க்ரீமோ தடவாமல் போங்கள். மரக்கிற இடத்தைக் குறித்த கைப்படத் தாளையும் அவரிடம் காட்டுங்கள்.