முதல் ஷாட்கன் கைக்கு வரும் முன்

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என்னைக் களிமண் இலக்குச் சுடும் களத்துக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவர் என் தாய்மாமா. களிமண் என்பது பெயரில் மட்டும்தான். சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து வார்த்த, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு அது. தட்டை எறியச் சொல்லும் 'புல்' (ஆங்கிலத்தில் 'இழு') என்று குரல் கொடுத்ததும் பறந்த 25 தட்டுகளில் நான்கை மட்டுமே உடைத்தேன். ஆனால் அந்த நான்கும் கரும்பொடியாகச் சிதறிய காட்சி வாரம் முழுவதும் என் கண்ணிலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமையே ஒரு கடையில் போய் நின்றேன். தோளில் உதைப்பு குறைவு என்று சொல்லி, ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்களில், ஒவ்வொரு சூட்டுக்கும் பின் அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் வகை ஒன்றுக்கு முன்பணம் கட்டச் சொன்னார் விற்பனையாளர். "அவசரப்படாதே மாப்பிள்ளை, முதலில் சட்டத்தைப் படி" என்று மாமா தடுத்தார். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், என்னைப் போல் எப்போதாவது விளையாட்டாகச் சுடுபவருக்கு அந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் உறுப்பினராகி, 16-ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். விற்பனையாளர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

பயிற்சி நிலையத்தில் எழுத்துத் தேர்வும் சுடும் தேர்வும் முடித்து, காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்து, தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். துப்பாக்கியைப் பூட்டி வைக்க, தேசியத் தரத்துக்கு ஏற்ற இரும்புப் பெட்டியைச் சுவரில் பொருத்தினேன். இவை பொறுமை வேண்டும் வேலைகளே தவிர, கடினமானவை அல்ல. கடினமானது துப்பாக்கியைத் தேர்வதுதான். ஏனெனில் இங்கே எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் பொது உரிமம் என்று ஒன்று வழங்கப்படுவதில்லை, வரிசை எண் குறிப்பிட்ட ஒரே துப்பாக்கிக்கு வழங்கப்படுகிறது. வாங்கிய துப்பாக்கி உரிமம் வரும்வரை விற்றவரிடமே இருக்கும். தவறாகத் தேர்ந்துவிட்டால் மாதக்கணக்கான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே எதையும் வாங்காமல், உரிமம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் அவரது துப்பாக்கியைப் பயன்படுத்தச் சட்டம் தரும் இடத்தை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டேன். தட்டு நம்மை விட்டு விலகி மேலேறும் டிராப் ஆட்டத்துக்குரிய துப்பாக்கியின் கட்டை (தோளில் ஊன்றிக் கன்னம் பதிக்கும் பின்பகுதி), சற்றே மேல்நோக்கிச் சுடும்படி உயரமாக இருக்கும். இரு கூண்டுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கும் ஸ்கீட்டில் அதே துப்பாக்கியால் தட்டுக்கு மேலாகவே சுட்டுக்கொண்டிருந்தேன். மாமாவின் துப்பாக்கியில் கன்னம் கன்றிப்போனது. அவர் கழுத்து நீளம், என் கழுத்து குட்டை. கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, பிறகு திறந்து பார்க்கும்போது குழலின் மேற்பட்டை கண்ணுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை அவரே கற்றுத் தந்தார்.

இன்னொரு கோளாறு என் கண்ணிலேயே இருந்தது. தொலைவிலுள்ள கம்பத்தை இரு கண்களும் திறந்தபடி விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தபோது, வலக்கைப் பழக்கமுள்ள எனக்கு இடக்கண்ணே மேலோங்கியது என்று தெரிந்தது. கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் மங்கலான ஒட்டுத்தாள் ஒரு துண்டு ஒட்டியதும், இடப்பக்கமாகவே தவறிக்கொண்டிருந்த சூடு தட்டின்மேல் விழத் தொடங்கியது. புதிதாக வருபவர் யாராயினும் பணத்தை எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

ஐந்து மாதங்களுக்குப் பின், ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் அமைந்த, 30 அங்குலக் குழல்களும் ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் பொருத்தும், மாற்றக்கூடிய சோக்குகளும் கொண்ட, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியைத் தேர்ந்தேன். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை இருப்பதால் உதைப்பைத் துப்பாக்கியே பெரிதும் தாங்கிக்கொள்கிறது. தோட்டாவிலும் 28 கிராம் ரவையை விட்டு 24 கிராமுக்கு மாறினேன். உரிமம் கையில் கிடைத்த வாரம் ஸ்கீட்டில் 25-க்கு 17 உடைத்தேன். மாமா அன்று தன் துப்பாக்கியை எனக்கென்று எடுத்து வரவில்லை.