நின்றுபோன பாகங்களைத் தேடி: ஒரு பெட்ரோல் ஜீப்பின் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு. போடி

இந்த வருடம் மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. மேலே ஏலத்தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு. இந்த நேரம் பார்த்து ஜீப்பில் லோ கியர் நிற்க மாட்டேன் என்கிறது. லிவரைப் போட்டு ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தினால் டக்கென்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கையால் லிவரைப் பிடித்துக்கொண்டே ஓட்டினால்தான் ஏறுகிறது.

வண்டி 1965 மாடல் மஹிந்திரா சிஜே 3பி, அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பை இங்கே செய்தது. அசல் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின், 2.2 லிட்டர். இன்டேக் வால்வுகள் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலும் இருக்கும் எஃப்-ஹெட் அமைப்பு. அதனால் எஞ்சின் உயரம். அதற்காகவே பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். தூரத்தில் வரும்போதே 3பி என்று தெரிவது அந்த உயரமான மூக்கால்தான்.

மெக்கானிக் வழக்கமான யோசனையைச் சொன்னார். “பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு டீசலைப் போட்டுருவோம்ணே. பாக்ஸையும் சேர்த்து மாத்திட்டா பெறகு ஸ்பேருக்கு அலைய வேண்டாம்.” இந்தப் பக்கத்தில் ஹரிகேன் எஞ்சினோடு இருந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது இந்த ஒரு வாக்கியத்தால்தான். பாகம் இல்லை என்று யாராவது தேடிப் பார்த்துச் சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை. நான் தேடப் போகிறேன். தேடுவதை இங்கே எழுதியும் வைக்கிறேன். இதே வண்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

ஜூன் 5

டிரான்ஸ்ஃபர் கேஸ் இறக்கிப் பிரித்தாயிற்று. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது, லோ கியர் இருப்பதும் இதில்தான். ஸ்பைசர் கம்பெனியின் 18 மாடல். நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் கியரின் பல் நுனிகள் மழுங்கி உருண்டுவிட்டன. அது சுற்றுகிற ஷாஃப்ட்டில் ஊசி ரோலர்கள் வரிவரியாகப் பள்ளம் பறித்திருக்கின்றன. ஷாஃப்ட் தேய்ந்தால் கியர் சாய்ந்து ஓடும், சாய்ந்து ஓடினால் பல் முழுசாகப் பிடிக்காது, லோடு வந்ததும் வழுக்கி வெளியே வரும். லிவரிலோ, கியரைத் தள்ளும் ஃபோர்க்கிலோ கோளாறு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் மூன்று அளவில் வந்திருக்கிறது. யுத்தகால ஜீப்பில் முக்கால் இஞ்ச். 1946-க்குப் பிறகு ஒன்றே அரைக்கால் இஞ்ச், அதாவது 28.6 மி.மீ. 1953-க்குப் பிந்தையவற்றில் ஒன்றேகால் இஞ்ச், 31.75 மி.மீ. வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான். 1965 வண்டி என்பதால் ஒன்றேகால் இருக்கும் என்று யாரும் சொல்வார்கள். தேயாத ஓரத்தில் வெர்னியர் வைத்தால் 28.6 காட்டுகிறது. அறுபது வருடத்தில் எப்போதோ பழைய பெட்டி ஒன்று இதில் ஏறியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தைச் சொல்லி வாங்கினால் இந்த கியர் பொருந்தவே பொருந்தாது.

லோ ரேஞ்சின் விகிதம் 2.46. கியர்பாக்ஸின் முதல் கியர் 2.798, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 37 சுற்று சுற்றுகிறது. சேற்றில் ஆள் நடக்கிற வேகத்தில் மூட்டையோடு ஏறுவது இதனால்தான். லோ இல்லாத ஜீப் எங்கள் தோட்டத்துக்கு வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்கப் பார்ட்ஸ் கேட்டலாக்கோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பிரித்துப் போட்ட படம், எண், பெயர்.

கடைக்காரரிடம் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் தேடுவதிலேயே மோசமான வழி. “சிஜே 3பி-யா? அதெல்லாம் நின்னு போச்சு” என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த வண்டியை ஒரே கம்பெனி முழுக்கச் செய்யவில்லை. வில்லிஸ் வடிவம் கொடுத்து எஞ்சினைக் கட்டியது. கியர்பாக்ஸ் வார்னர் கியர். ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஸ்பைசர். ஸ்டியரிங் பாக்ஸ் ராஸ். கார்புரேட்டர் கார்ட்டர். பேரிங் டிம்கன். யுத்தத்தின்போது வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தபோது ஒருவர் பாகம் அடுத்தவர் வண்டியில் ஏற வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் நமக்குக் கை கொடுக்கிறது. வண்டியை நிறுத்தியது வண்டிக் கம்பெனி. பேரிங் செய்தவர் பேரிங்கை நிறுத்தவில்லை.

ஆகவே நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் வண்டிக் கம்பெனியின் எண், எதிரே அதைச் செய்தவரின் எண். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் என்றால் உள்வளையம் 11590, வெளிவளையம் 11520. வீல் பேரிங் 18590, 18520. ஆயில் சீலுக்கு எண்ணே தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் போதும்.

ஜூன் 11

மதுரை. பேரிங் கடையில் ஜீப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கிங் பின் செட்டும் வீல் பேரிங்கும் அலமாரியிலிருந்தே வந்தன. “எந்த மிஷினுக்கு தம்பி?” என்று பில் போடும்போதுதான் கேட்டார். சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா ஓட்டியதும் வில்லிஸாம்.

ஜூன் 16, திங்கள். சென்னை

காலையில் ஜி.பி. ரோடு. புது இன்டர்மீடியட் கியர் மூன்று கடையில் இருந்தது. எல்லாமே மார்க்கெட் ஐட்டம், அசல் கம்பெனி சரக்கு இல்லை. பையில் சின்ன அரம் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் அனுமதியோடு, பல்லின் பக்கவாட்டில், வேலைக்கு வராத இடத்தில் மெல்ல ஒரு இழுப்பு. ஒழுங்காகக் கேஸ் ஹார்டனிங் செய்த, அதாவது மேற்பரப்பைக் கடினமாக்கிய கியரில் அரம் பிடிக்காது, கண்ணாடி மேல் இழுத்தது மாதிரி வழுக்கும். இரண்டு கடையில் அரம் நன்றாகவே பிடித்துப் பொடி உதிர்ந்தது. அந்த கியர் ஒரு மழைக்காலம் தாங்காது. மூன்றாவது நல்ல கியர், ஆனால் ஒன்றேகால் இஞ்ச்.

மதியம் புதுப்பேட்டை. வண்டிகளைப் பிரித்துப் போடுகிற கடைகள் முன்பு போல் இல்லை, இப்போது கார் பாகங்கள்தான் அதிகம். விசாரித்துக்கொண்டே போய் ஒரு பாய் கடையில் நின்றேன். அவர் என் பழைய கியரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதத் தூக்கிட்டு வந்தீங்களே, அதுவே பாதி வேல. போட்டோ காட்டிக் கேக்குறவங்களுக்கு நான் எடுத்தே தர்றதில்ல.” அவரிடம் இருந்தது என்னுடையதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். விற்க அவருக்கே மனமில்லை. கோவையில் மூடிப்போன ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் சரக்கு இன்னும் வீட்டிலேயே கிடக்கிறது என்று சொல்லி நம்பர் கொடுத்தார்.

தேய்ந்த பாகத்தை எடைக்குப் போட்டுவிடும் மெக்கானிக்குகளிடம் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. கேட்டலாக் கிடைக்காத இடத்தில் அந்தத் தேய்ந்த இரும்புதான் கேட்டலாக். அளவு, பல் எண்ணிக்கை, மரை, வார்ப்பில் பதிந்த எண், எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஜூன் 27

இணையத்தில் ஒரு வியாபாரி, படத்தில் ஒன்றே அரைக்கால் என்று தெளிவாகப் போட்டிருந்தார். வந்த பொட்டலத்தில் ஒன்றேகால். திருப்பி அனுப்பியாயிற்று. பணம் வந்துவிட்டது, பத்து நாள் போனதுதான் நஷ்டம்.

ஜூலை 6, ஞாயிறு. கோவை

பாய் சொன்ன வீடு. கடை வைத்திருந்த பெரியவர் இப்போது இல்லை. அவர் மருமகள் மாடி அறையைத் திறந்துவிட்டு, “மாமா ஒரு நட்டக்கூட வீசமாட்டாருங்க. நீங்களே பாத்து எடுத்துக்கோங்க” என்றார். அறை முழுக்க மரப்பெட்டி. பெட்டிக்கு வெளியே பெரியவரின் கையெழுத்தில் எண்கள். பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண். அந்த வரிசையைப் பார்த்ததும் இந்த மனிதரோடு ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டுமே என்று இருந்தது.

கிடைத்துவிட்டது. ஒன்றே அரைக்கால் இஞ்ச் இன்டர்மீடியட் கியர், ஷாஃப்ட், ரோலர்கள், இரண்டு பக்க வாஷர். கிரீஸ் தாளில் சுற்றியபடியே. கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் உள்ளே இரும்பு புதிது. அரம் வழுக்கியது.

பழைய ஸ்டாக் என்றவுடன் எல்லாவற்றையும் அள்ளக் கூடாது. இரும்பும் வார்ப்பும் எத்தனை வருடம் ஆனாலும் எடுக்கலாம். ஸ்பார்க் வரவைக்கும் இக்னிஷனில் கான்டாக்ட் பாயின்ட் எடுக்கலாம், முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். கண்டென்சரை எடுக்கவே கூடாது, பெட்டிக்குள் இருந்தபடியே கெட்டுப்போகும். ஓடாமல் நடுவழியில் நின்றால் நாம் காயிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். ரப்பர் எதுவும் வேண்டாம். ஆயில் சீலின் உதடு இறுகிக் கட்டையாகியிருக்கும். அழகான அசல் கவரில் இருந்த சீல்களை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். டைமிங் கியரில் கேம் பக்கத்துக் கியர் ஃபைபர். அதை வெளிச்சத்தில் திருப்பி, விரிசலோ ஈரம் ஏறி உப்பலோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒன்று எடுத்தேன்.

அந்த அம்மா எடைக்கு விலை சொன்னார். அது நியாயமில்லை. இன்றைய சந்தையில் என்ன பெறும் என்று சொல்லி அதைக் கொடுத்தேன். மீதிச் சரக்கைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருங்கள், வாங்க ஆள் அனுப்புகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறார்.

ஜூலை 13

கார்புரேட்டர். கார்ட்டர் ஒய்எஃப், ஒற்றைத் தொண்டை. பெரும்பாலான ஜீப்புகளில் இதைக் கழற்றிவிட்டு வேறு ஏதாவது மாட்டியிருப்பார்கள். இதன் உள்ளே டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, பெட்ரோல் பம்ப்பில் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். ஆகவே இந்த இரண்டுக்கும் அசல் பாகம் கிடைத்தாலும் நான் போடமாட்டேன். எத்தனால் தாங்கும் ரப்பரில் புதிதாகச் செய்ததைத்தான் வரவழைத்திருக்கிறேன். அசலின் மேல் எனக்கு எத்தனை பிரியம் இருந்தாலும் பெட்ரோல் ஒழுகும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஜூலை 20

நண்பர் ஒருவர் விண்டேஜ் பதிவு வாங்கச் சொல்கிறார். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடத்துக்கு மேலான வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு, எண்ணில் விஏ என்று வரும். ஆனால் எஞ்சினோ சேஸியோ பாடியோ பெரிதாக மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும். டீசல் ஏற்றிய ஜீப்புகள் இங்கேயே கழிந்துவிடும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் அந்தப் பதிவில் ரோட்டில் ஓட்டலாம், அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. என் ஜீப் தோட்டத்துக்குப் போக வேண்டியது. நான் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வேன். ஆனாலும் ஹரிகேன் எஞ்சினை இறக்க நினைப்பவர்கள் இந்த விதியை ஒருமுறை படித்துவிட்டு இறக்கட்டும்.

ஜூலை 28

இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை நட்டு. வண்டியின் இடப்பக்கம் முழுக்க மரை எதிர்ப்பக்கம் திரும்பும். தெரியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி, கழல்வதற்குப் பதில் இறுக்கி, ஸ்டட்டை முறித்துவிடுவார். என் வண்டியிலும் யாரோ முறித்து, இரண்டு வலது மரை ஸ்டட் அடித்திருந்தார்கள். இங்கே லேத் வைத்திருக்கும் அண்ணன் நல்ல ஸ்டீலில் அரை இஞ்ச், 20 மரை, இடது கைக்கு வெட்டித் தந்துவிட்டார். எளிய பாகத்துக்கு ஊர் ஊராக அலையத் தேவையில்லை. கியரையும் பேரிங்கையும் மட்டும் லேத்தில் செய்யச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று அம்மா சொன்னதால் இன்றைக்கே பெட்டியை மூடினோம். ரோலர்களை கிரீஸில் ஒட்டவைத்து, போலி ஷாஃப்ட் ஒன்றைக் கொடுத்து கியரை உள்ளே இறக்கி, பின்பக்கத்திலிருந்து அசல் ஷாஃப்ட்டைத் தட்டிக்கொண்டே வந்தால் போலி முன்பக்கம் வெளியேறுகிறது. பின் மூடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து அவுட்புட் ஷாஃப்ட் ஆட்டத்தைச் சரிசெய்வதுதான் நேரம் எடுத்தது. மெக்கானிக் அவசரப்படவில்லை. டீசல் பேச்சை அவர் எடுத்து நாளாயிற்று.

மாலையில் குரங்கணிப் பக்கத்து மண் ஏற்றத்தில் லோ முதல் கியர் போட்டு, லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏறினோம். நின்றது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் விட்டுப் பார்த்தோம், அப்போதும் நின்றது. பாதி வழியில் மெக்கானிக் இறங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தபடி பெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 10

சூரியநெல்லிப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். அவரிடமும் சிஜே 3பி, இதே லோ கியர் கோளாறு. அடுத்த வாரம் எஞ்சினோடு பெட்டியையும் மாற்ற முன்பணம் கொடுத்துவிட்டாராம். “ஷாஃப்ட்டை அளந்தீங்களாண்ணே?” என்று கேட்டேன். இல்லை என்றார். தேயாத ஓரத்தில் வெர்னியர் வைத்து, 28.6 வந்தாலும் 31.75 வந்தாலும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோவை அறையில் இரண்டு அளவும் இருக்கின்றன. முன்பணம் வாங்கியவரிடம் பேசி ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்.