சம்பளச் சீட்டில் ஒரு போர்
பெரம்பூர், வியாசர்பாடி பக்கமிருந்து ஆவடி ராணுவ டிப்போவுக்கு, சீருடை போடாத சிவிலியன் ஊழியர்களாக ரயில் ஏறிப் போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர்கள் சம்பளச் சீட்டில் உள்ள பஞ்சப்படி, இரண்டாம் உலகப்போர் விலையேற்றத்தைச் சமாளிக்க வெள்ளைக்காரன் கொடுக்க ஆரம்பித்தது. அதோடு ஊழியர்களின் கையையும் கட்டிப் போட்டான் என்பது வேறு விஷயம். 1941 அவசரச் சட்டப்படி, அத்தியாவசியப் பணி என்று அறிவித்துவிட்டால் தக்க காரணமில்லாமல் வேலையை விட்டுப் போவதே குற்றம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி மெட்ராஸ் மூட்டை கட்டியபோதும் அந்தச் சட்டம் அப்படியே இருந்தது.

சரி, அது பழைய கதை. இன்றைக்கும் 1957 விதிகளின்படி, ராணுவத்தில் பணியாற்றும் சிவிலியனைத் தேவைப்பட்டால் படையோடு களப்பணிக்கு அனுப்பலாம். அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு தரும் பணிப் பாதுகாப்பும் இவர்களுக்குக் கிடையாது. 'சென்ட்ரல் கவர்மென்ட் மாப்பிள்ளை' என்று தேடுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கேட்கிறார்கள்!