பில்லருக்குக் காஸ் பிடிக்கலாமா?

காங்கேசன்துறை (கே.கே.எஸ்) வீதிப் பக்கக் கராஜ்களில் விபத்தில் நசிந்த கார் பொடிக்கு (கார் உடலுக்கு) பழகிய வைத்தியம் ஒன்றுதான்: காஸ் சுவாலை பிடி, சிவக்கவிடு, இழு, ஈரச்சாக்கைப் போடு. யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்கள் அப்படித்தான் இத்தனை காலம் ஓடின. அந்தத் தகடு மைல்ட் ஸ்டீல், சூட்டால் இழக்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது வரும் ஜப்பான் கார்களின் சட்டகம் அப்படியில்லை.

இவற்றில் பரவலாக உள்ள இருகட்ட உருக்கில், பெரைற்று என்ற மென்மையான இரும்புக் கட்டமைப்புக்குள் மார்ட்டன்சைற்று என்ற கடினமான கட்டமைப்பு தீவு தீவாக இருக்கும். உறுதி முழுக்க அந்தத் தீவுகளில்தான். 200 பாகை செல்சியஸ் தாண்டியதும் காபன் அவற்றிலிருந்து பிரிந்து இரும்புக் காபைட்டாகத் தொடங்கும், சூடு ஏற ஏறத் தகடு மெதுமையாகும். சுரண்டி மினுக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வந்தால் ஏறத்தாழ 220, நீலம் வந்தால் 300. மங்கல் சிவப்பு 550க்கு மேல்தான், அதுவும் நிழலில். நம்மூர் மத்தியான வெயிலில் கண்ணுக்குச் சிவப்புத் தெரிகிறது என்றால் அதைவிட எவ்வளவோ ஏறிவிட்டது.

பி-பில்லரில், அதாவது முன் பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில், வரும் போரோன் கலந்த உருக்கின் நிலை இன்னும் மோசம். தொழிற்சாலையில் அதை 900 பாகைக்கு மேல் சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தியபடியே விநாடிக்கு 27 பாகைக்குக் குறையாத வேகத்தில் குளிரவைத்துத்தான் 1500 மெகாபஸ்கால் இழுவை உறுதியை எடுக்கிறார்கள். கராஜில் 600 பாகைக்குக் கொண்டுபோனால் அந்த உறுதி ஏறத்தாழப் பாதியாகும். “நல்லா வளையுது அண்ணை” என்று பொடியன் சொல்லும்போதே பில்லர் போய்விட்டது.

ஈரச்சாக்கு இன்னொரு கேடு. நடுவில் நன்றாகச் சிவந்த இடம் சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மைக்கு வரும், அதைச் சுற்றி மெதுமையான ஒரு வளையம் மிஞ்சும். அடுத்த விபத்தில் மடிவது அந்த வளையத்தில்தான். நாகப்பூச்சு (சிங்க்) உள்ள தகடென்றால், 420 பாகையில் உருகிய நாகம் இழுக்கும்போதே உருக்கின் நுண்மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளுக்குள் புகுந்து மயிர்வெடிப்பு விடும். பெயின்ற் அடித்தபின் அதை ஒருவரும் காணமாட்டார்கள்.

சாதாரண ட்ரில் பிட் வழுக்கி மழுங்கினால் போரோன் என்று சந்தேகப்படுங்கள். அதை நிமிர்த்தவேண்டாம்; ஸ்பொட் வெல்ட்டுகளை (புள்ளி ஒட்டுகளை) கடினமான காபைட் முனை ட்ரில் பிட்டால் எடுத்துவிட்டு, கம்பனி சொன்ன மூட்டில் முழுத் துண்டையும் மாற்றுங்கள். 600 மெகாபஸ்கால் வரையான இருகட்டத் தகடு கூர்மையாக மடியாமல் வளைந்திருந்தால் குளிராகவே இழுக்கலாம். மைல்ட் ஸ்டீலைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும் என்பதால் கொஞ்சம் மிஞ்சி இழுத்து, விட்டு, அளந்து பிறகு மீண்டும் இழுக்கவேண்டும். மிக் வெல்டிங் (கம்பி ஊட்டி ஒட்டுவது) தவிர்க்க முடியாத இடத்தில் 2 சென்ரிமீற்றர் போட்டதும் நிறுத்தி, கை வைக்கக்கூடிய அளவுக்குத் தானாக ஆறவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.