உருளைக்கிழங்கும் குளுக்கோமீட்டரும்: ஆறு வாரக் குறிப்புகள்

பள்ளியில் நொதி ஒரு பாடம், சவ்வூடு பரவல் இன்னொரு பாடம், இரத்தச் சர்க்கரை வேறொரு வகுப்பில் வந்த பாடம். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். இப்போது அடிப்படை உயிரியலை நிதானமாகத் திரும்பப் படிக்கிறேன். இந்த முறை ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்ப்பது என்று முடிவு.

முதல் வாரம் நொதி, அதாவது செல்லுக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் உடனே நுரை கிளம்பும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. சோதனைக் குழாயில் ஒரு நிமிடத்தில் நுரை 4 செ.மீ. ஏறியது. வேகவைத்த கிழங்கில் ஒன்றுமே இல்லை. இது எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை. துருவலையும் பெராக்சைடையும் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிரவிட்டுக் கலந்தேன். நுரை மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தது. அதே குளிர்ந்த துருவலில் இன்னொரு பங்கை அறை வெப்பத்துக்கு வரவிட்டுச் செய்தபோது பழைய வேகம் திரும்பிவிட்டது. வெந்ததை எவ்வளவு நேரம் ஆறவிட்டாலும் திரும்பவில்லை. குளிர் நொதியை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். கொதிநிலை அந்தப் புரதம் மடிந்திருக்கும் வடிவத்தையே குலைத்துவிடுகிறது.

இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் சவ்வூடு பரவலுக்கே போயின, அதாவது செல்லின் சவ்வு வழியே நீர் செறிவு கூடிய பக்கம் நகர்வதற்கு. கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் ஊறவிட்டு எடை மாற்றத்தைப் பார்ப்பதுதான் சோதனை. மோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்பதைச் சொல்லும் அளவு; சர்க்கரையில் ஒரு மோலார் என்றால் லிட்டருக்கு 342 கிராம். முதலில் செய்த தவறு: ஒரு மோலார் சர்க்கரைக் கரைசலுக்காக 34.2 கிராமை 100 மில்லி நீரில் கொட்டிவிட்டேன். கரைந்த பிறகு பார்த்தால் மொத்தம் 120 மில்லி. சர்க்கரைக்கும் இடம் வேண்டுமே! குறைந்த நீரில் கரைத்துவிட்டு, அப்புறம் 100 மில்லிக் கோடு வரை நீர் சேர்ப்பதுதான் சரியான முறை. இன்னொரு தவறு, துண்டுகளை ஒற்றி எடுக்காமல் எடை போட்டது. மேலே ஒட்டிய ஒரு துளி நீரே முடிவைக் கெடுத்துவிடும். அந்த நாளின் எண்கள் முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடி செய்தேன்.

இரண்டு மணி நேரம் ஊறிய பிறகு எடை மாற்றம் இப்படி வந்தது: காய்ச்சி வடித்த நீரில் 12 சதவீதம் கூடியது; 0.2 மோலாரில் 4 சதவீதம் கூடியது, 0.4 மோலாரில் 4 சதவீதம் குறைந்தது, 0.6 மோலாரில் 12 சதவீதம் குறைந்தது. வரைபடத்தில் கோடு பூஜ்யத்தை வெட்டிய இடம் 0.3 மோலார். அங்கே கிழங்கின் செல்லும் கரைசலும் சமநிலை. நீரில் ஊறிய துண்டு ஒடித்தால் சட்டென்று முறிந்தது, 0.6இல் கிடந்தது விரலில் சுற்றுமளவுக்குத் துவண்டுவிட்டது.

நான்காவது வாரம் குளுக்கோமீட்டர், ஒரு சிறு பட்டையில் வைத்த இரத்தத் துளியின் சர்க்கரை அளவைக் காட்டும் கருவி. என் இரத்தத்தைத்தான் சோதித்தேன், ஒவ்வொரு முறையும் புது ஊசி. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 92 மில்லிகிராம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 138, இரண்டு மணி நேரத்தில் 107. கருவி 15 சதவீதம் வரை விலகக்கூடும் என்பதால் 92க்கும் 97க்கும் இடையே பொருள் தேடக் கூடாது. 138லிருந்து இறங்கியது மட்டும் உண்மையான இறக்கம். அந்த இறக்கம் கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலை. ஐந்து லிட்டர் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால் மொத்தம் 4.5 கிராம் குளுக்கோஸ், ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு வேளைச் சாப்பாட்டில் அதைப்போலப் பல மடங்கு உள்ளே வருகிறது. அதெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி அன்றிரவு தூங்கவிடவில்லை.

நடுவில் ஒரு நாள் 231 என்று காட்டி பயமுறுத்தியது. யோசித்தால், சற்று முன்தான் குளுக்கோஸ் பொடியைக் கரைத்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி எடுத்தால் 94. பட்டையில் இருப்பதும் ஒரு நொதிதானே, விரலில் ஒட்டிய குளுக்கோஸையும் அது விடவில்லை. பட்டை டப்பாவை இறுக்கி மூடி, சூடும் ஈரமும் படாமல் வைக்கச் சொல்வதும் அந்த நொதி கெடாமல் இருக்கத்தான்.

இனி அந்தக் கேள்வி. கல்லீரலும் தசையும் குளுக்கோஸை அப்படியே சேர்த்து வைப்பதில்லை. இன்சுலின் தூண்டும் நொதிகள் அதைக் கோத்துக் கிளைக்கோஜனாக்குகின்றன. ஏன் கோக்க வேண்டும்? சவ்வூடு பரவலில் கணக்கு துகள்களின் எண்ணிக்கை. ஆயிரம் குளுக்கோஸ் தனித்தனியாக இருந்தால் ஆயிரம் துகள், கோத்துவிட்டால் ஒன்று. கோக்காவிட்டால் செல் நீரை இழுத்து உப்பிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. 5.4 கிராம் குளுக்கோஸ் ஒரு 100 மில்லியில் (அதுவும் 0.3 மோலார்தான்), அதே 5.4 கிராம் ஸ்டார்ச் இன்னொரு 100 மில்லியில். ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். அதைச் சுடவைத்துக் கரைத்து, நன்றாக ஆறவிட்டேன். இரண்டிலும் கிழங்குத் துண்டை ஊறவிட்டேன். ஸ்டார்ச் பசைபோலத் திரண்டதால் துண்டை எடுத்ததும் ஒரு நொடி அலசி ஒற்ற வேண்டியிருந்தது. குளுக்கோஸில் கிடந்த துண்டின் எடை கிட்டத்தட்ட மாறவேயில்லை. ஸ்டார்ச்சில் கிடந்தது 10 சதவீதம் கூடியிருந்தது, ஏறக்குறைய வெறும் நீரில் கிடந்ததைப்போல. எடை போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது: நான் மூன்று வாரமாக வெட்டிக்கொண்டிருக்கும் கிழங்கும் தன் சர்க்கரையை ஸ்டார்ச்சாகக் கோத்துத்தான் வைத்திருக்கிறது.