கடைசிக் கடிதத்தில் ஆன் கேட்டது

ஆங்கில நாவலாசிரியை ஆன் பிராண்ட்டே 1849 ஏப்ரல் 5 அன்று தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதிய கடிதத்தின் படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் மனம் கனத்துப்போகிறது. ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டு, தாளைத் திருப்பி, அதே வரிகளின் மேலேயே குறுக்காக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு வரியைப் பிடிப்பதற்குள் கண் இன்னொரு வரியில் சிக்கிக்கொள்கிறது. அப்போது அவளுக்கு வயது 29. காசநோய் முற்றியிருந்தது.

அப்பா பேட்ரிக் பிராண்ட்டே, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹாவர்த் ஊர்ப் போதகர். ஆறு பிள்ளைகளில் மூத்த இருவரும் 1825-இலேயே போய்விட்டார்கள். 1848 செப்டம்பரில் மகன் பிரான்வெல், டிசம்பரில் மகள் எமிலி. எமிலி கடைசி நாள் வரை டாக்டரை அண்டவிடவில்லை. ஆன் நேர்மாறு. மீன் எண்ணெய், இரும்புச்சத்து மருந்து, கொப்புளம் எழுப்பும் பற்று என்று சொன்னதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தில் அவள் கேட்பது, கடற்கரைக்குத் துணைக்கு வரமுடியுமா என்பதைத்தான். இடம் மாறினால் குணம் தெரியும், ஆனால் பலரும் காலம் கடந்த பிறகே போகிறார்கள் என்று டாக்டர்கள் சொல்வதை எடுத்துச்சொல்லி, தள்ளிப்போட வேண்டாம் என்கிறாள். அப்புறம்தான் அந்தப் பகுதி வருகிறது. சாவுக்குப் பயமில்லை, ஆனாலும் கடவுள் என்னை விட்டுவைத்தால் நல்லது, அப்பாவுக்காகவும் அக்கா சார்லட்டுக்காகவும் மட்டுமல்ல, போவதற்குமுன் உலகத்துக்கு ஏதாவது நன்மை செய்ய ஆசை, மனதில் நிறையத் திட்டங்கள் இருக்கின்றன, சின்னவைதான், அவை வீணாகப் போவதை நான் விரும்பவில்லை என்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் கடவுளின் சித்தம் ஆகட்டும் என்கிறாள்.

நானும் போதகர் வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாராவது படுத்துவிட்டால், வருகிறவர்கள் மருந்தைவிட விசுவாசத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்கள். ‘சித்தம்’ என்ற சொல் முதலிலேயே வந்துவிடும். ஆசையைச் சொல்ல இடமே இருக்காது. ஆன் ஆசையை முழுதாகச் சொன்ன பிறகே அந்தச் சொல்லுக்கு வருகிறாள். எனக்கு இதுதான் உண்மையான ஜெபமாகப் படுகிறது.

இந்த நேர்மை அப்பாவிடமும் உண்டு. 1821-இல் மனைவி மரியா இறந்தபின் அவர் ஒரு போதக நண்பருக்கு எழுதினார். ஒரு நாள் மூன்று பிள்ளைகளுக்கு செங்காய்ச்சல், மறுநாள் மீதி மூவருக்கும். அதே நேரத்தில் மனைவி சாகக் கிடந்தாள். ஊரோ புதுசு, அந்நிய தேசத்தில் அந்நியனாக இருந்தேன் என்கிறார். கடைசிப் போராட்டத்தில் மரியாவின் மனம் அடிக்கடி கலங்கியதையும் அவர் மறைக்கவில்லை. போதகரின் மனைவி சமாதானமாகக் கண்மூடினாள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆன் மே 28 அன்று ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் இறந்தாள். அப்பா இன்னொரு சவ அடக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்று சார்லட் அங்கேயே அடக்கம் செய்தாள். ஜூனில் வில்லியம்ஸ் என்ற பதிப்பக நண்பருக்கு அவள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். ஆனைக் கடவுளிடம் விட்டுக்கொடுத்தேன், அவருக்கு அந்த உரிமை உண்டு என்று தோன்றியது; எமிலியை விட மனமில்லை, இப்போதும் அவள் திரும்ப வேண்டும் என்கிறாள். ஒரே மனசில், ஒரே தாளில், இரண்டும்.

அதே 1849-இல் பேட்ரிக், ஊருக்கு நல்ல தண்ணீரும் சாக்கடை வசதியும் வேண்டும் என்று லண்டனில் இருந்த பொதுச் சுகாதார வாரியத்துக்கு எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் பாபேஜ் என்ற ஆய்வாளர் வந்து பார்த்தார். ஹாவர்த்தில் இறப்பவர்களின் சராசரி வயது 25.8, 41 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் இறந்த குழந்தைகள். அறிக்கை வந்தும் வேலை நகரவில்லை. பேட்ரிக் மறுபடியும் வாரியத்துக்குக் கடிதம் போட்டார்.